கொழுந்தனின் வாசம்

ஜனவரி 3, புதன்

சிமென்ட் கடைக்காரர் கொடுத்த டைரி இது. போன வருஷம் கொடுத்ததில், "இன்று முதல் டீ குடிப்பதை விட வேண்டும்" என்று ஒன்றாம் தேதி எழுதினேன். இரண்டாம் தேதி டீ குடித்துவிட்டதால் மேற்கொண்டு எழுதவில்லை. இந்த வருஷம் அப்படி விடக்கூடாது. பொங்கல் கழித்து சாத்தூருக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பெண் நூலகத்தில் வேலை பார்க்கிறதாம். படிக்கிற பெண்ணைக் கட்டப்போகிறவன் நாலு வரி எழுதிப் பழக வேண்டாமா?

நான் கனகவேல். வயது முப்பத்தைந்து. அருப்புக்கோட்டையில் பிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை என் கையால்தான் நடக்கும். பிறந்தநாள் பேனருக்குச் சிங்கம் வேண்டுமா, புலி வேண்டுமா என்று கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் தங்கவேல் மில்லில் சூப்பர்வைசர். பேச வேண்டியதையெல்லாம் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித் தீர்த்துவிட்டு வருகிறவர் என்பதால் வீட்டில் வாயைத் திறந்தால் சோற்றுக்குத்தான். மதினி பவளக்கொடி மருந்துக்கடையில் இருக்கிறார். டாக்டர்களின் கையெழுத்தையே வாசித்துவிடுகிற கெட்டிக்காரி. அண்ணன் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள்.

இன்று மதினி ஒரு பை நிறைய மாத்திரை உறைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கவிதை.

"தம்பி, இதை டைப் அடிச்சு புக்கா ஆக்கித் தரணும். வெளிய குடுத்தா ஊரு சிரிச்சுரும்."

"சிரிக்கிற மாதிரி என்ன மதினி எழுதியிருக்கீங்க?"

"எல்லாம் நெசம். நீ படிக்கவெல்லாம் வேணாம், அடிச்சாப் போதும்."

அப்படிச் சொன்னால் நானும் அப்படியே செய்வேன். எனக்கென்ன வந்தது!

ஜனவரி 8, திங்கள்

அடித்து முடித்துவிட்டேன். படிக்க வேண்டாம் என்று மதினி சொன்னது எவ்வளவு நல்லது என்று மூன்றாவது உறையிலேயே தெரிந்துவிட்டது. காது சுட்டுவிட்டது. உடம்பு, ரத்தம், கட்டில், பொய், "தொட்ட இடமெல்லாம் துருப்பிடித்தேன்" என்று என்னென்னவோ. நம் வீட்டுக் கட்டில் பற்றி நாமே டைப் அடிப்பதா என்று அர்த்தத்தை வெளியே நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் உள்ளே விட்டேன்.

வேலை சீக்கிரம் முடிந்ததற்கு என் கம்ப்யூட்டரைப் பாராட்ட வேண்டும். மூன்று எழுத்து அடித்தால் போதும், மீதியைத் தானே போட்டுவிடும். 'பூப்' என்றால் 'பூப்புனித நீராட்டு விழா'. 'கண்' என்றால் 'கண்ணீர் அஞ்சலி'. இந்த ஊரில் அண்ணன் கல்யாணத்துக்குத் தம்பிமார்கள் எல்லாம் "மதினியை வரவேற்கும் ஆசைக் கொழுந்தனின் அன்பு வாழ்த்து" என்று பேனர் வைப்பார்கள். அதெல்லாம் அதற்கு மனப்பாடம். வருஷக்கணக்காக என்னோடு இருக்கிற மிஷின் அல்லவா!

படிக்க வேண்டாம் என்ற மதினியே, பிழை பார்க்க என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். "ஐயோ, நீங்களே பாத்துக்கோங்க மதினி" என்று அவர் போனுக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்துவிட்டேன். கடையில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் நின்றபடியே பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

ஜனவரி 21, ஞாயிறு

புத்தகம் சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டது. பெயர் 'சீட்டில்லாமல் தரப்படும்'. டாக்டர் சீட்டில்லாமல் மருந்து தருவதுபோல் மனசைத் தருகிறாராம். மருந்துக்கடை மாடியில் வெளியீட்டு விழா. மதினியின் முதலாளி இது வீட்டு வைத்தியப் புத்தகம் என்று நினைத்துத் தலைமை தாங்க வந்துவிட்டார். மைக்கைப் பிடித்து, "சளித் தொல்லைக்கும் இதில் நல்ல குறிப்பு இருக்கும் என்று நம்புகிறேன்" என்று முடித்தார். மதினி கை தட்டினார். வேறு என்ன செய்வார்?

அண்ணன் விழாவுக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து காராசேவு சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரதியை மதினி டி.வி. மேல் வைத்தார். ராத்திரி அது பிரிட்ஜ் மேல் இருந்தது. அதன் மேல் அண்ணன் சூடான பால் சட்டியை வைத்திருந்தார்.

மதினி சட்டியை எடுத்து, அட்டையைத் துடைத்துவிட்டு, மறுபடி டி.வி. மேல் வைத்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

சாத்தூர் போய் வந்தோம். பெண் பெயர் ஆவுடைச்செல்வி. கிளை நூலகத்தில் வேலை. அப்பா இல்லை, தாய்மாமன் வேலாயுதம்தான் எல்லாம். மீசையே ஒரு முழம் இருக்கும். தனியாகப் பேச விட்டார்கள்.

"என்ன படிப்பீங்க?" என்று கேட்டாள்.

"நான் அடிக்கிற பேனர்தான்" என்றேன். சிரித்தாள். நல்ல சிரிப்பு, பல் முழுக்கத் தெரிந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை நாள் எத்தனையோ வீட்டில் பஜ்ஜி தின்றிருக்கிறேன். ஒரு பெண்ணையும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. வாசலில் செருப்புப் போடும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கெத்தாக இருக்கட்டும் என்று மதினி புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். "எங்க மதினி எழுதுனது. நாந்தான் டைப் அடிச்சேன்" என்றேன். இந்தக் கல்யாணம் மட்டும் நடந்துவிட்டால் வேறு ஒன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

சாத்தூரில் சம்மதம் சொல்லிவிட்டார்கள்! பூ வைக்கிற தேதி மட்டும் பார்க்க வேண்டும். டீக்கடையில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

மதினிக்குத்தான் முகம் சரியில்லை. ஒரு புத்தகம்கூட விற்கவில்லை. பாராசிட்டமால் வாங்க வந்தவருக்கு இலவசமாக ஒன்று கொடுத்தாராம். அவர், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?" என்று கேட்டாராம்.

"இதுக்கா மதினி இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்றேன்.

"ஒருத்தராவது வாசிச்சாப் போதும்ப்பா. ஒருத்தர்" என்றார். சொல்லும்போது அண்ணன் கொல்லையில் பல் விளக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தர் என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

பிப்ரவரி 8, வியாழன்

அதிசயம்! புத்தகம் விற்கிறது. மருந்துக்கடையில் இருந்ததெல்லாம் போய், வீட்டில் இருந்த கட்டையும் பிரித்தாயிற்று. மகளிர் குழுவில் ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள். கவிதைக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா! எனக்கும் சேர்த்து மரியாதை. போகிற இடமெல்லாம் பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். டைப் அடித்தவன் என்று தெரிந்திருக்கும்.

முடி வெட்டப் போன இடத்தில் சலூன்காரர், "அண்ணே, என்ன சென்ட்டு போடுறீக?" என்று கேட்டார். நான் சென்ட் போடுவதில்லை. டீக்கடைக்காரரும் அதையேதான் கேட்டார். போதாததற்குக் கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினார். இந்த வாரம் சோப்பு மாற்றியதுதான் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 10, சனி

நாசமாய்ப் போயிற்று!

காலையில் சாத்தூர் மாமா போன் செய்தார். "மாப்ள, ஒண்ணு கேக்கணும். பவளக்கொடிக்கு நீங்க ஒரே கொழுந்தன்தானா, வேற யாரும் இருக்காகளா?"

"எங்கண்ணனுக்கு நான் ஒரே தம்பி மாமா! எங்களுக்குள்ள சொத்துத் தகராறு, அது இதுன்னு எதுவும் கிடையாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப முப்பத்தேழாம் பக்கத்துல வர்றது நீங்கதான்" என்று வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பக்கத்தை எடுத்தேன்.

விளக்கணைத்த பிறகும்
தலையணையில் மிச்சமிருக்கிறது
கொழுந்தனின் வாசம்.
புரண்டு படுத்தவர் கேட்கவில்லை
அது எங்கிருந்து வந்ததென்று.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
நானே தேடிப்போய் வாங்கிக்கொண்டதென்று.

சிவகாசி அச்சகத்துக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த ஆள் பொறுமையாக, "நீங்க அனுப்புன பைலை அப்படியே அடிச்சோம் சார்" என்றார். பைலைத் திறந்தேன். அதிலும் கொழுந்தன்தான். மாத்திரை உறையைத் தேடி எடுத்தேன். அதில் மதினியின் கையெழுத்தில் 'கொழுந்தின் வாசம்'. மரிக்கொழுந்து!

பிறகு கம்ப்யூட்டரில் கொ, ழு என்று மெதுவாக அடித்துப் பார்த்தேன். அது நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்து 'கொழுந்தனின்' என்று போட்டது.

தன் கையே தனக்குதவி என்று சொன்ன வாத்தியாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மதினியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தைப் பார்த்தார். வாயைப் பொத்தினார். அழப்போகிறார் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். விக்கல் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

"ஏன்ப்பா, அப்ப இந்த ஊரு வாங்குனதெல்லாம் கவிதைய இல்லையா? ஒரு 'ன'வையா?"

"மதினி, என் கல்யாணம் நின்னுரும் மதினி!"

அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. "என் பேரு என்னைக்கோ போயிருச்சு, விடு. உன் பேரக் காப்பாத்தணும்" என்றார். திருத்தச் சீட்டு அடித்து ஒட்டலாம் என்றால் புத்தகம் கையில் இல்லை. வீடு வீடாகப் போய் "அம்மா, அது கொழுந்து" என்று சொல்லவா முடியும்? சாத்தூர் மாமா வேறு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து விளக்கம் சொல்லச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் சம்பந்தம் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். அதைச் செய்யப்போகிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பஸ் ஸ்டாண்ட் எதிரில் பேனர் கட்டிவிட்டேன். பத்தடிக்கு எட்டடி. வாசகம் இது:

"வாசகப் பெருமக்களுக்கு அன்பு வேண்டுகோள்! கவிஞர் பவளக்கொடி அவர்களின் நூலில் முப்பத்தேழாம் பக்கத்தில் 'கொழுந்தனின்' என்பதைக் 'கொழுந்தின்' என்று திருத்தி வாசிக்கவும். இவண்: கொழுந்தன்."

மடமடவென்று போட வேண்டியிருந்ததால் கல்யாண பேனர் டிசைனையே எடுத்துக்கொண்டேன். வலது பக்கம் மதினி படம், இடது பக்கம் நான் கும்பிடுகிற படம். தெளிவாக இருக்கிறது. இனி ஒருத்தன் வாய் திறக்க முடியாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

டிசைனில் எங்கள் இரண்டு படத்தையும் சுற்றி ஒரு இதயம் இருந்திருக்கிறது. ரோஜாப்பூவால் செய்த இதயம். கட்டுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேற்றுவரை விஷயம் தெரியாமல் இருந்தவர்கள்கூட முப்பத்தேழாம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று மருந்துக்கடையில் வந்து கேட்கிறார்கள். மத்தியானம் அவிழ்த்துவிட்டேன். அதற்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது.

மதினி சொன்னது: "தம்பி, நீ சும்மா இரு. சும்மா இருந்தாலே பாதி மானம் மிஞ்சும்."

பிப்ரவரி 14, புதன்

மில்லில் யாரோ அண்ணனிடம் போனைக் காட்டிவிட்டார்கள். சாயங்காலம் அண்ணன் நேராக வந்து டி.வி. மேலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மதினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பளம் கருகியது. மதினி அப்பளத்தைக் கருக விட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "டேய் கனகு, மேல வா" என்று குரல் கேட்டது. குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, சத்தியமா அது மரிக்கொழுந்துண்ணே. கம்ப்யூட்டரு…"

"தெரியும்டா. உன்கிட்ட என்ன வாசம் அடிக்கும், பெயின்ட் நாத்தந்தான அடிக்கும்? அது இல்ல." பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தப் புரண்டு படுத்தவர்ங்கிறது யாரு?"

கீழே ரோட்டைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "சரி, போ" என்றார். நான் இறங்கி வந்த பிறகும் நெடுநேரம் அவர் இறங்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

ஆவுடைச்செல்வி போன் செய்தாள். எடுத்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கேட்கவே இல்லை அவள்.

"அது அச்சுப்பிழைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இருபதாம் பக்கத்துல பூக்கடை வருது, அதுல மரிக்கொழுந்து வருது. புக்கை முழுசாப் படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப உங்களுக்கு என் மேல கோவம் இல்லையே?"

"கோவம் இருக்கு. டைப் அடிச்சேன்னு பெருமையா சொன்னீங்களே, படிச்சீங்களா?"

"இல்ல… மதினி படிக்க வேணாம்னு…"

"ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒருத்தங்க அழுததை ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கீங்க. என்ன எழுதியிருக்குன்னுகூடத் தெரியல. ஞாயிற்றுக்கிழமை மாமா என்ன முடிவு பண்ணாலும் சரி, அதுக்கு முன்னாடி நான் முடிவு பண்ணணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மீசைக்காரரை எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். இவளைச் சமாளிக்க முடியாது போலிருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். அம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்ததும், மதினி அள்ளிப் போட்டதும் இருக்கிறது. இரண்டாவது கரு கலைந்த அன்றைக்கும் இட்லிக்கு அரைத்தது இருக்கிறது. நான் அந்த இட்லியைத் தின்றிருப்பேன்.

ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி ஒன்று:

சாப்பிட்ட தட்டிலேயே கைகழுவுகிறவன்
இந்த வீட்டில் இன்னும் சின்னப்பிள்ளை.
பருக்கை மிதக்கும் தண்ணீரை
ஏந்திக்கொண்டு நடக்கிற எனக்கு மட்டும்
எத்தனை வயது?

யாரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். அண்ணன் குழாயடியில் போய்த்தான் கை கழுவுவார்.

ஊரே முப்பத்தேழாம் பக்கத்தில் கொழுந்தனைத் தேடுகிறது. தேட வேண்டிய பக்கம் அது இல்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தட்டை நானே கழுவி வைத்தேன். சும்மாதான். மதினி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடம்புக்கு ஏதும் முடியலையா தம்பி?" என்று கேட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சாத்தூர். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கூடத்தில் மாமா நாற்காலியில். ஆவுடையின் அம்மா பாயில். ஆவுடை கதவோரம். அடுப்படியில் மாமாவின் மனைவி, நாங்கள் அத்தை என்று கூப்பிட வேண்டியவர், ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். எதிரில் நான், அண்ணன், மதினி. மாமா மடியில் புத்தகம்.

"ஏம்மா, நீங்களே சொல்லுங்க. அது கொழுந்தா, கொழுந்தனா?"

"கொழுந்துதாண்ணே. மரிக்கொழுந்து."

"சரி. அது யாரு வாங்கிக் குடுத்தது?"

"நானேதான். பூக்கடையில."

"அதான் எங்களுக்குப் புரியல. புருசன் இருக்கிற பொம்பள எதுக்குத் தானாத் தேடிப்போயி வாங்கணும்? வாங்கித் தர ஆளில்லையா? அப்ப இந்த விளக்கம் சும்மா ஜோடிச்சதுதான?"

மதினி வாயைத் திறந்தார். மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தப்பிக்க வேண்டுமென்றால் அவர் அதைச் சொல்ல வேண்டும். எனக்குப் பூ வாங்கித் தர ஆளில்லை, வாசம் வந்தாலும் கேட்க ஆளில்லை என்று, அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சொல்ல வேண்டும். ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தவர்தான். ஆனாலும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். போகட்டும் கல்யாணம், எழுந்து போய்விடலாம் என்று, "வாங்க மதினி" என்றேன். நெசமாகவே சொன்னேன்.

அண்ணன் எழுந்தார். மாமா மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தார். முப்பத்தேழாம் பக்கத்தை, மில்லில் ஷிப்டுக்குப் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். கொழுந்தின் என்றே வாசித்தார்.

"இதுல புரண்டு படுத்தவர்னு ஒருத்தரு வர்றாருல்ல. அது நாந்தான். வாசம் வரும், எனக்குத் தெரியும். நல்லாத்தான் இருக்கும். எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கணும்னு ஒரு நாளும் தோணல. டைப் அடிச்சவன் ஒரு எழுத்துதான் தப்பாப் போட்டான். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

மாமா மீசையைத் தடவினார். "அதுக்காக, ஒரு ஆம்பள எந்நேரமும் பூவு எங்கருந்து வந்துச்சு, பொட்டு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? நாமெல்லாம்…"

"ஏன், நீக என்னைக்குக் கேட்டீக?"

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல். கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். "கட்டிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு நாள் கேட்டீகளா? பெரிசா நியாயம் பேச வந்துட்டீக. அந்தப் புக்க இங்க குடுங்க, நானும் வாசிக்கிறேன்."

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சரி, பூ வைக்கிறதுக்கு நல்ல நாள் பாப்போம்" என்று காலண்டரை எடுக்க எழுந்தார். ஆவுடை கதவோரத்தில் இல்லை. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமி, "டீ ஏதும் குடிக்கிறியா?" என்றார்.

"அது என்ன இன்னைக்குப் புதுசா கேள்வியெல்லாம்?" என்றார் மதினி. திரும்பாமலேயே சொன்னார்.

பிப்ரவரி 19, திங்கள்

ஆவுடை இன்னும் முடிவு சொல்லவில்லை. மாமா சொன்னது மாமா முடிவு. கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலிக்குச் சிங்கம் போட்டுவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

திருத்திய இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை நானே ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஒரு பிரதியும் விற்கவில்லை. "பழைய பதிப்பு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

மதினி கவலைப்படுகிற மாதிரி தெரியவில்லை. அண்ணன் தினம் ஒரு கவிதை என்று கணக்கு வைத்து மாடியில் படிக்கிறார். படித்ததும் இறங்கி வந்து, "இதுல வர்ற அவரும் நாந்தானா?" என்று சந்தேகம் கேட்கிறார்.

"இல்ல, அது பால்காரரு" என்றார் மதினி இன்று.

அண்ணன் பாவம், ஒரு நிமிஷம் நம்பிவிட்டார். மதினி இப்போதெல்லாம் அடுப்படியில் பாட்டு முணுமுணுக்கிறார். புதிதாக ஒன்றும் எழுதவில்லையா என்று கேட்டேன். "உங்கண்ணன் ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு மனுசிய எழுத விடமாட்டேங்கிறாரு" என்று அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பைக் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 6, புதன்

ஆவுடை கூப்பிட்டாள். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த போன்.

"புக்கைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். ரெண்டு தடவை."

"எந்தக் கவிதை உங்களுக்கு ரொம்பப் பட்டுச்சு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தேழு என்றால் முடிந்தது. "ஐம்பத்தொண்ணு" என்றேன்.

"ஏன்?"

"அது… அதுல வர்றது நாந்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? மதினி சொன்னாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்கு எங்க வீட்டுக் கேசரித் தட்டுல தண்ணி ஊத்திக் கை கழுவிட்டுப் போனீங்க. நான்தான் எடுத்தேன். மறுநாள் உங்க மதினி புக்கைப் படிச்சேன். ஐம்பத்தொண்ணாம் பக்கம் வந்ததும் சிரிப்புத் தாங்கல."

நான் சம்மதம் என்று வடை வாங்கிக் கொடுத்த நாளில் இவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?"

"நானும் கொஞ்சம் எழுதுவேன். எழுதறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்றாள்.

போனை வைத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நெசமாகச் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை. பூ வைப்பது வெள்ளிக்கிழமை.